மன்றாட்டுச் சீட்டில் நான் எழுதிய பெயர்

தம்பி மகள்மேல் வந்த பழியால் மனம் உடைந்து நான் படுத்துவிட்டேன் என்று எங்கள் பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பழியும் அவளுடையதல்ல, என்னுடையது.

தம்பி மகள் ஜெனிட்டா மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மே விடுமுறையில் நான்கு வாரப் பயிற்சிக்கு எங்கள் பூர்விக ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டில் எங்கள் வீட்டுப் பெண்ணை ஊர் பார்க்கும்போது பக்கத்தில் நானும் நிற்க வேண்டும் என்று ஆசை. கணவர் இறந்தபின் அந்தப் பக்கமே போகாத நான் கிளம்பியது அதற்காகத்தான். வேறு உயர்ந்த காரணம் இல்லை.

வெள்ளி காலை 7.10க்குத் திண்டுக்கல்லில் குஜிலியம்பாறை பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் கீழே.

சனிக்கிழமை மதியம் ஜெனிட்டாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன்.

"அத்தை, செத்த நேரம் வெளிய பெஞ்சுல உக்காருங்க. உள்ள ஆள் இருக்காங்க."

"நான் என்ன வெளியாளா?" என்று கதவோரமே நின்றுவிட்டேன். உள்ளே எனக்குத் தெரிந்த ஊர்ப் பெண் ஒருத்தி. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்.

"மாமியாளுக்குக்கூடத் தெரியாது பாப்பா. தெரிஞ்சா என் தட்டத் தனியா வச்சிருவாக."

"எங்கிட்டருந்து வெளிய போகாதுக்கா. நீங்க மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றாள் ஜெனிட்டா.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பூர்விக ஊர்க் கோயிலில் பூசைக்கு முன் நோயாளிகளுக்கான மன்றாட்டைச் சீட்டில் எழுதி, எழுதியவர் பெயர் இல்லாமல் பெட்டியில் போடுவது வழக்கம். பாதிரியாருக்கு உதவும் உபதேசியார் அதை மைக்கில் வாசிப்பார். மற்றவர்கள் 'ஒரு சகோதரி சுகம்பெற' என்று எழுதுவார்கள். எனக்கு அரைகுறை பிடிக்காது. அந்தப் பெண்ணின் பெயர், அவள் கணவர் பெயர், நோயின் பெயர் மூன்றையும் எழுதினேன். செபம்தானே என்று நினைத்தேன். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்து. உபதேசியார் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கூம்பு ஒலிபெருக்கியில் தெருக்கோடி வரை கேட்டது. மூன்றாம் வரிசையில் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை திரும்பும்போது ஆட்டோக்காரர் பேச்சை எடுத்தார். "ஏந்தாயி, டாக்டருக்குப் படிக்கிற புள்ளதான் வெளிய சொல்லிருச்சாம்ல?"

"யார் சொன்னது?"

"அம்புட்டுப் பேரும் சொல்றாக. அதுக்குத்தான தெரியும்? இனி அங்க போய்த் தும்முனாக்கூட மைக்குல வந்துரும்."

உடன் வந்த பெண்கள் சிரித்தார்கள். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டேன்.

வியாழன் ஜெனிட்டா போன் செய்தாள். பயிற்சியை நிறுத்திவைத்து விசாரிக்கிறார்களாம்.

"அத விடுங்கத்தை. அந்தக்கா நாலு நாளா மாத்திரைக்கு வரல. வீட்டுக்குப் போனா கதவத் தெறக்க மாட்டேங்குறாங்க."

"சீட்டு என்னுடையது என்று சொல்லிவிட்டாயா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருக்கேன்."

எழுபத்துநான்கு வயதில் யாரும் என்னை இவ்வளவு மெதுவாகக் கண்டித்ததில்லை.

உங்கள் பிள்ளைகளும் சொந்த ஊரில் பயிற்சி எடுத்தால் போய்ப் பாருங்கள். சாப்பாட்டை வாசலில் கொடுங்கள். உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்காருங்கள். திரும்பும்போது மதியம் இரண்டு மணிக்கு மேல் பஸ்ஸில் கூட்டம் குறைவு.

சுகாதார நிலைய மருத்துவருக்கு: சீட்டை எழுதியது நான் என்று கையெழுத்திட்டு உங்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். உபதேசியாருக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. அதில் என் பெயர் மட்டுமே உண்டு. அதே மைக்கில் வாசிக்கலாம். அந்தப் பெண் மறுபடி வந்தாளா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவில்லை. ஜெனிட்டாமேல் குற்றமில்லை என்பதை மட்டும் எனக்கு எழுத்தில் பதிலாக அனுப்புங்கள்.