யாரு தொட்டா?

"யாரு தொட்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியை இழுக்கிறாள். மவுஸ் இரண்டு விரற்கடை தள்ளியிருக்கிறது. மேசையைத் துடைத்தால் நகரத்தான் செய்யும் என்பது என் கட்சி. துடைக்காமலே இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

என் மருமகள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். சாப்பாட்டு மேசையின் ஜன்னலோரப் பாதி அவளுடைய ஆபீஸ். மறு பாதியில் நாங்கள் சாப்பிடலாம். தண்ணீர் டம்ளர் மட்டும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் எது பிசகினாலும் அவளுக்கு ஒரே கேள்விதான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் யாரு தொட்டா. அடுப்புத் தீ சிறுத்தால் யாரு தொட்டா. ஒரு நாள் மழையில் துணி நனைந்ததற்கும் "யாரு" வரைக்கும் வாய் போய்விட்டது. என் மகன் இதற்குப் பழகிவிட்டான். கேள்வி வருமுன்பே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிடுவான்.

அன்று காலையும் தூக்கினான். "என்னைப் பாக்காத தாயே. நேத்துல இருந்து அந்தப் பக்கமே வரல."

திரை முழுக்கச் சிவப்பு. அதில் இருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புக்குப் படிப்பு வேண்டியதில்லை. அவள் புரோகிராமை, அதை எழுதுகிற மென்பொருளுக்குள்ளேயே ஓட்டினால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பக்கத்தில், கட்டளைகளைத் தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து அதையே ஓட்டினால் ஓடுகிறது.

சந்தேகம், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேல் போய் உட்கார்ந்தது. ஜாவா என்ற ஒன்று அடியில் இருந்தால்தான் இவர்கள் புரோகிராம் ஓடுமாம். போன வாரம் பழைய ஜாவாவிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியவள் அந்தப் பெண். மருமகள் காலையிலேயே மேலாளருக்குப் போன் போட்டு, "அவ மாத்தினதுலதான் சார் உடைஞ்சுபோச்சு" என்று சொல்லியும் விட்டாள். அந்தப் பெண்ணுக்கோ சோதனைக்காலத்தின் கடைசி வாரம். மதியம் கூட்டத்தில் விசாரித்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று மேலாளர் முடிவு செய்வதாக ஏற்பாடு.

பிறகு அந்தப் பெண்ணையே கூப்பிட்டாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேசுகிறவள். வீட்டுக்குக் கேட்பது அவள் பங்கு மட்டும்தான்.

"உன் மிஷின்ல ஓடுதா? எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"சத்தியமெல்லாம் வேணாம். என்னென்ன மாத்துனன்னு மட்டும் சொல்லு."



"அழாதம்மா. நீ அழுதா எனக்குக் கை ஓடாது."

ஒயரைக் கழற்றிவிட்டு வேட்டையில் இறங்கினாள். அணைத்தாள், போட்டாள். கழற்றினாள், மாட்டினாள். எந்த ஜாவா இருக்கிறது என்று கறுப்புத் திரையிடம் கேட்டாள். புதுசு என்றது. "புதுசுதானே, அப்புறம் என்ன கேடு உனக்கு?" என்று திரையைத் திட்டினாள். அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அவசரமாகக் குற்றம் சொல்வாள், ஆனால் தேடுவதைப் பாதியில் விடமாட்டாள். இதில் யார் என்ன சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

கடைசியில் அந்த மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். திரையில் யாராவது விரல் வைத்தால் பாய்கிறவள், தானே விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள். எனக்குப் புரியாத வார்த்தைகளுக்கு நடுவே புரிகிற வார்த்தை ஒன்று வந்தது.

"தொடாதே."

மூன்று வருடங்களுக்கு முன், பிரசவ விடுப்பில் போகுமுன், தான் இல்லாதபோது யாரும் கலைத்துவிடக் கூடாதென்று அப்போதைய ஜாவாவைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதற்கு அப்படிப் பெயரிட்டு, மென்பொருளை அதோடு கட்டிப்போட்டவள் அவளேதான். புது வீட்டுக்குக் குடிபோய் ஊருக்கெல்லாம் விலாசம் சொன்ன பிறகும், தபால்காரர் மட்டும் பழைய வீட்டில் மணியடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் இது. அங்கேயும் ஆள் இருப்பதால் கதவு திறக்கிறது. புதுப் புரோகிராமை வாங்கிப் பார்த்துத் தலைகால் புரியாமல் கத்திக்கொண்டிருந்தது அந்தப் பழைய ஜாவாதான்.

அந்த ஒரு வரியை மாற்றினாள். சிவப்பு போயிற்று.

"யாரு தொட்டாங்களாம்?" என்று சமையலறை வாசலிலிருந்து என் மகன் கேட்டான்.

கூட்டத்துக்கு மணி அடித்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. ஓரக் கட்டத்தில் மூக்கு சிவந்த பெண் ஒருத்தி. "சரியாயிடுச்சு சார்" என்ற ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்ள மருமகளுக்கு வழி இருந்தது. ஆபீஸில் யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

காதில் மாட்டிய ஒயரை உருவி மேசையில் போட்டாள். மேலாளரின் குரல் கூடம் முழுக்க வந்தது.

"என்னம்மா, கண்டுபிடிச்சீங்களா? அந்தப் பொண்ணு எதைத் தொட்டுச்சாம்?"

வாசலில் என் மகன் பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கினான். மருமகள், காமிராவுக்கு நேரே, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் தூக்குவதுபோல், ஒற்றைக் கையைத் தூக்கினாள்.