பூ இல்லாத கிளை

இன்றைக்கும் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் காம்புக்கு எத்தனை இலை என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். குழம்பு தாமதமாகும், வீட்டில் சண்டை வரும். இந்த வியாதி எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒட்டியது, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில்.

அங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது செய்முறை வகுப்பு நடத்துபவனாக, இருந்தேன். வர்க்கலைக் குன்றின் அடியில் சாம்பல் நிறக் களிமண்ணில் கிடைத்த புதைபடிவ இலை ஒன்று என் மேஜைக்கு வந்தது. பாதி இலைதான். நடு நரம்பின் ஒரு பக்கம் பதினோரு கிளை நரம்புகள். ஒவ்வொன்றும் விளிம்பை எட்டுமுன் வளைந்து அடுத்ததோடு சேர்ந்தது. பலாவின் குடும்பம் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பாதியே கைவிரல்போல் மூன்று மடல்களாக ஆழமாகப் பிளந்திருந்தது. துறையில் அந்தக் குடும்பத்துக்கு கிளைகளைக் காயவைத்து ஒட்டிய நூற்றுப் பன்னிரண்டு உலர்தாவரத் தாள்கள் இருந்தன. நம் காட்டு மரம் எதிலும் நரம்பும் பிளவும் சேர்ந்து ஒத்துவரவில்லை.

"புது இனம் என்றால் உங்கள் பெயரிலேயே அனுப்பலாம்" என்றார் பேராசிரியர். என் முதல் கட்டுரை. லத்தீன் பெயர்கூட யோசித்துவிட்டேன். அதோடு தூக்கம் போயிற்று.

அறையில் கூட இருந்த நாகர்கோவில்காரரிடம், அவரும் டெமான்ஸ்ட்ரேட்டர்தான், இப்படி இலையுள்ள மரம் ஊர்ப்பக்கம் உண்டா என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஓய், சீமைப்பலா இலையும் இப்பிடித்தானே கிழிஞ்சிருக்கும்?"

"அது கப்பலில் வந்த மரம். லட்சக்கணக்கான வருஷத்து வர்க்கலை மண்ணுக்குள் எப்படிப் போகும்?"

"பின்ன எதுக்கு உறக்கமில்லாம கெடக்கீரு? அனுப்பிவிடும்."

அனுப்ப முடியவில்லை. தாளில் இல்லாதது காட்டில் இருந்துவிட்டால்? சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில், மலைக்காட்டு ஓரம் போகும் வித்துரா பஸ் ஏறினேன்.

வித்துராவைத் தாண்டிச் சாலையோரம் ஒரு பெரிய அயனிமரம், பலாவுக்குக் காட்டு உறவு. அதன் அடியில் இடுப்பளவு கன்று ஒன்று நின்றது. இலைகள் விரல்விரலாகப் பிளந்திருந்தன. புதைபடிவத்தைப் பார்த்து நான் வரைந்திருந்த படத்தை வைத்துப் பார்த்தேன். பத்து நரம்பு, பன்னிரண்டு, பதினொன்று. அண்ணாந்தால் தாய்மரத்தில் பிளவில்லாத முழு இலைகள்.

"அயனிக்கன்னுல்லா இது. எங்க கெணத்தடியில ரெண்டு நிக்கி" என்றார் அவர்.

"அதை ஏன் ஐயா சொல்லவில்லை?"

"நீரு மரத்தைக் கேட்டீரு. கன்னைக் கேட்டீரா?"

பூவோ காயோ இல்லாத கிளையைத் தாளில் ஒட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பூக்கும் கிளை முதிர்ந்த கிளை. அயனியில் அதன் இலை பிளவுபடாது. நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் ஒரு கன்றுகூட இல்லாமல் போனது அதனால்தான். திருநெல்வேலிப் பொட்டலில் வளர்ந்த எனக்கோ அயனி என்றாலே தாளில் பார்த்த மரம்.

திங்கட்கிழமை, அந்தக் கன்றிலிருந்து ஒடித்து வந்த கிளையைப் பேராசிரியர் முன் வைத்தேன்.

"இதில் பூ இல்லையே" என்றார்.

"இல்லை சார். அதனால்தான் கொண்டுவந்தேன்."

என் படத்தையும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டுரைத் தலைப்பிலிருந்த புதுப் பெயரைத் தாமே கோடிட்டு அடித்தார். கிளையை நூற்றுப் பதின்மூன்றாவது தாளாக ஒட்டினேன்.

தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களிமண்ணில் இருந்தது பாதி இலை. மற்ற பாதியில் எத்தனை நரம்பு, எத்தனை மடல்? யாரும் எண்ணவில்லையே.