அரைக் குப்பி மருந்து

ஏரியூருக்கு முன்னால் பஸ் பஞ்சர். வற்றிய ஏரிக்குள் வெடிச் சத்தம் கேட்டு இறங்கிப் போகிறேன். அருளப்பன் என்ற விவசாயி நாட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறார். என் செய்தித்தாளைக் கேட்டு வாங்கி, தூரத்து வேலமரத்தில் கட்டிவிட்டு வருகிறார். மூங்கில் குப்பி நிறைய வெடிமருந்தை அளந்து துப்பாக்கி வாயில் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயக் குண்டுகளைப் போட்டுக் கம்பியால் இடிக்கிறார்.

“எதுக்குங்க இந்தச் சோதனை?”

“காட்டுப் பன்னிக்குன்னு நானும் தம்பியும் ஆளுக்கொரு துப்பாக்கியில சுட்டோமுங்க. அந்தாண்ட நின்ன பக்கத்துக் காட்டுக்காரரு மாடு செத்துப்போச்சு. என் துப்பாக்கி அவ்வளவு தூரம் எட்டாதுன்னு சாதிச்சுட்டேன். தம்பி பழிய ஏத்துக்கிட்டு ஊர வுட்டே போயிட்டான். மாடு நின்ன தூரந்தானுங்க இந்த மரம்.”

சுடுகிறார். இருவரும் நடந்துபோய்ப் பார்க்கிறோம். தாளில் மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றையும் விரலால் தடவுகிறார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மருந்தைக் குறைச்சுப் பாருங்களேன்” என்கிறேன்.

அரைக் குப்பி போட்டுச் சுடுகிறார். புது ஓட்டை எதுவும் இல்லை.

“பாருங்க, எட்டலையே!” என்கிறேன்.

அவர் தாளை அவிழ்த்து, மடித்து, என்னிடம் நீட்டுகிறார்.

“பன்னிக்கு யாருங்க அரைக் குப்பி போடுவாங்க?”