கயிற்று ஏணியில் ஒரு தொப்பி

அறுபதுகளில், மெட்ராசிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று சிங்கப்பூர் போகும் கப்பலில் தங்கையை ஏற்றிவிடப் போனேன். கட்டிப்பிடித்து அழுது முடித்துப் பார்த்தால், கப்பல் நகர்கிறது! ராயபுரம் வீட்டிலோ கைக்குழந்தை பாலுக்குக் காத்திருந்தது.

"மாதாவே! என்னை எறக்கி வுடுங்க!"

கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவிட்டுப் படகில் திரும்பும் பைலட் வந்தார். "கயித்து ஏணில எறங்குவியாம்மா?"

கீழே அலை படகைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"நீ முன்னால போ நைனா. நான் வுயுந்தா உன் மேலதான் வுயுவேன்."

நான் புடவையில் இருப்பதைப் பார்த்தவர், தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்குக் கீழே இறங்கியபடி, தடவித் தடவியே என் பாதங்களை ஒவ்வொரு படியிலும் வைத்தார்.

வீடு சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. நானும்தான்.

அவர் முகம் நினைவில்லை. தொப்பி போட்டவர்களைக் கண்டால் இன்றும் கும்பிடுகிறேன். போலீஸ்காரர்கள்தான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.