கீழ வளவுக்குப் போகாத தண்டோரா

காலரா மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி...

எனக்கு நூறை எட்டப்போகிற வயது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதைப் போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

யுத்தம் முடிந்த சமயம். எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் பஞ்சாயத்து போர்டு கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். மீசை சரியாக முளைக்காத வயது. கிளார்க் என்கிற மண்டைக்கனம் மட்டும் நன்றாகவே முளைத்திருந்தது.

புளியமரம் ஏலமோ, அம்மை குத்த ஆள் வருவதோ, போர்டு எதை முடிவு செய்தாலும் நோட்டீஸ் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அதைப் படிப்பவர்கள் நாலைந்து பேர்தான். நிஜமாக ஊருக்குச் சேதி சொன்னவர் மாரப்பன். தெருத்தெருவாகத் தமுக்கு அடித்து அறிவிக்கிறவர். எழுத்து தெரியாது. ஆனால் நான் ஒரு தரம் வாசித்தால் போதும், ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிடுவார்.

"நீங்க எழுதறது செவுத்துக்குங்க சாமி. நாஞ் சொல்றதுதான் சனத்துக்குங்க" என்று சிரிப்பார்.

என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

எங்கெங்கே நின்று தமுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கிடமிருந்து வந்தது, அவருக்கு அதற்கும் முன்னால் இருந்தவரிடமிருந்து. மாரியம்மன் கோயில் முக்கில் ஆரம்பித்துத் தோட்டத்து வீடுகள் வரை பதினோரு இடம்.

ஓடைக்கு அந்தப்புறம் இருந்த கீழ வளவு மட்டும் அதில் கிடையாது. மாரப்பனும் அவர் சனங்களும் குடியிருந்த இடம். ஊர்க் கிணற்றில் அவர்கள் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். ஓடையில் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தார்கள். போர்டு சேதி அவர்களுக்கு எதற்கு என்று பழையவர்கள் விட்டிருப்பார்கள். வேண்டுமானால் மாரப்பன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்வார்... அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பி முடிந்த கையோடு வாந்திபேதி வந்தது. மேற்கே இருந்த ஊரில் நோயாளிகளின் துணிகளை ஓடையில் அலசிவிட்டார்கள் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சொன்னார். பிரசிடெண்ட் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓடைத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, கிணறுகளுக்கு மருந்து போட்டாயிற்று, எதுவானாலும் காய்ச்சிக் குடிக்கவும்.

மாரப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். தமுக்கைத் தோளில் மாட்டியவர் போகாமல் நின்றார்.

"ஏனுங்க சாமி, மொதல்ல எங்க வளவுல ஒரு சத்தம் குடுத்துட்டு வந்தர்றனுங்களா? அங்கதானுங்க ஓடத் தண்ணி."

"பட்டியல்படி போடா. தோட்டத்து ஊடெல்லாம் பொழுதுக்குள்ள முடிக்கோணும்னு பிரசிடெண்ட் சொல்லியிருக்காரு. உங்க ஆளுங்களுக்கு நீ எப்ப வேண்ணாலும் சொல்லிக்கலாம்."

"செரிங்க சாமி."

போனார். தோட்டங்களை முடிக்கவே இருட்டிவிட்டதால் அங்கேயே ஒரு களத்தில் படுத்துக்கொண்டார். விடிந்ததும் ஊசி போட டாக்டர் வந்துவிட்டார். கூட்டத்தை வரிசையில் நிறுத்த மாரப்பனைச் சாவடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டோம். மத்தியானம் அவர் வளவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் மனைவி ரங்கி ஓடைத் தண்ணீரில் கம்மங்கூழ் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்தார்.

மறுநாள் ரங்கி போய்விட்டார். அந்த வாரத்தில் வளவில் இன்னும் இரண்டு பேர்.

யோசித்துப் பாருங்கள். மருந்து போட்ட கிணறு வைத்திருந்தவர்களிடம் பதினோரு இடத்தில் நின்று, ஓடைத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னோம். ஓடைத் தண்ணீரை மட்டுமே குடித்தவர்களிடம் சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய நோட்டீஸில் என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

காரியம் முடிந்து மாரப்பன் வேலைக்கு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"சேதி ஏதாச்சும் இருக்குதுங்களா சாமி?" என்றுதான் கேட்டார்.

பட்டியலை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே கீழ வளவு என்று எழுதினேன். அவருக்கு வாசித்தும் காட்டினேன். எழுத்து தெரியாத மனுஷன், அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மாத்தமாட்டாங்களே?" என்றார்.

"மாத்த உடமாட்டேன்" என்றேன்.

அதன் பிறகு எந்தச் சேதியானாலும் தன் வீட்டு வாசலில்தான் முதல் தமுக்கு அடித்தார். நான் அந்த வேலையில் இருந்த ஒன்பது வருஷமும் அப்படித்தான். அவரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தினமும் பார்க்கிற ஆள்தானே, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

போன மாதம் எங்கள் ஊராட்சியிலிருந்து போனில் ஒரு தகவல். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது, இரண்டு நாள் யாரும் குடிக்க வேண்டாம் என்று. இப்போதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுகிறார்கள்!

"எல்லாருக்கும் போயிருக்குமா சாமி?" என்று பேத்தியிடம் கேட்டேன்.

"குரூப்ல போட்டுட்டாங்க தாத்தா. எல்லாரும் பாத்திருப்பாங்க."

"செங்கச் சூளையில ஒடிசாக்காரங்க இருக்காங்களே, அவங்க அந்தக் குரூப்ல இருக்காங்களா?"

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் திரும்பி வரும்வரை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சூளை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் இருக்கும். கீழ வளவு என் சாவடியிலிருந்து கூப்பிடு தூரம்தான்.