இரண்டாம் வாத்தியார் போட்ட மார்க்கு

இது கட்டிவிட்ட கதை இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் ஆட்சியில், ஒரு சித்திரை மாதம், பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பட்டப்பகலில் நடந்தது. கண்ணால் கண்டவர் சிவசுப்பிரமணியம். அரை மார்க்கைக்கூட யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்காத கறார் மனிதர். அவருக்குப் பொய் வராது.

சண்டைக்கு முன் அவர் காலேஜில் அறிவியல் வாத்தியார். காலேஜை மூடியதும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வந்து ஒண்டிக்கொண்டார். அவருடைய மாணவன் அர்ச்சுனனும் அதே தோட்டம்தான். பால்மரம் வெட்டும் மயிலம்மாளின் ஒரே மகன். தோட்டத்துக் கான்களில் தேங்கும் சாக்கடைத் தண்ணீரில் கொசு எப்படிப் பெருகுகிறது என்று அவன் எழுதிய ஆய்வுக் கட்டுரை திருத்தப்படாமலே கிடந்தது.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொசு ஒழிக்கும் வேலைக்குப் படித்த பையன்கள் வேண்டுமாம். ஆய்வுக் கட்டுரை பாஸ் என்று இரண்டு வாத்தியார்கள் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வார்களாம். மறுநாள் காலை அந்த வேலைக்கு ஆள் ஏற்ற லோரி வருகிறது.

காலேஜ் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள். முதல் ஆள் போட்ட மார்க்கு இரண்டாம் ஆளுக்குத் தெரியக் கூடாது. ஒருவர் போட்டதில் மற்றவர் கை வைக்கவே கூடாது. இரண்டு பேரும் பாஸ் போட்டால்தான் பாஸ். சிவசுப்பிரமணியம் செய்முறைக்கு இவ்வளவு, கணக்குக்கு இவ்வளவு, முடிவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிரித்துப் போட்டுக் கூட்டினார். அறுபத்திரண்டு, பாஸ்தான். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் தெமியாங்கில் இருந்த கனகசுந்தரம். காலேஜில் கூடவே வேலை பார்த்தவர். அவரை வரச் சொல்லி லோரிக்கார ஆறுமுகத்தை அனுப்பினார்.

உச்சி வேளை. ஆபீசில் வேறு யாரும் இல்லை. தலை நிமிர்ந்தபோது வாசலில் கனகசுந்தரம் நின்றார்.

"வாரும் காணும்! ஆறுமுகம் சொல்லிப்போட்டானோ?"

"கட்டுரை எங்கே?"

குரல் கம்மியிருந்தது. நடந்து வந்த களைப்பு என்று நினைத்தார். ஆனால்... கொளுத்தும் சித்திரை வெயிலில் வந்தவர் மேல் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அந்தப் பக்கம் மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. அவர் காலிலோ முழங்கால் வரை ஈரச் சேறு.

மரவள்ளிக் கோப்பியை ஊற்றி வைத்தார். கனகசுந்தரம் அதைப் பார்க்கக்கூட இல்லை. நீலப் பென்சிலை எடுத்தார்.

சரக்... சரக்...

வரிக்கு வரி சண்டை பிடிக்கிற மனிதர். அன்று ஒரு கேள்வி இல்லை. பக்கங்கள் மட்டும் புரண்டன. அறைக்குள் ஈரக் காட்டு வாடை அடித்தது.

மேசைக்கடியில் நாய் முனகியது.

சரக்.

கட்டுரை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் நீல நிறத்தில் பூஜ்யம். கீழே கையெழுத்து.

"பெயில்."

"உமக்கென்ன விசரோ? பெடியன்ட உயிர் ஐசே இது!"

"பெயில்..."

சிவசுப்பிரமணியம் துள்ளி எழுந்தார். தன் சீட்டைக் காட்டச் சட்டைப்பைக்குள் கை விட்டார். எடுத்து நீட்டினார்.

நாற்காலி காலி.

தரையில் சேற்றுத் தடம். உள்ளே வந்தது இருந்தது...

வெளியே போனது இல்லை.

சாயங்காலம் ஆறுமுகம் வந்தான். "வீடு பூட்டிக் கெடக்குலா ஐயா. அவரு போயி ரொம்ப மாசமாச்சாம். சேதி சொல்ல ஆளே இல்ல."

சிவசுப்பிரமணியம் தரையில் காய்ந்து கிடந்த சேற்றுத் தடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மயிலம்மாள் ஓடி வந்து, மேசைமேல் கிடந்த கட்டுரையில் சைபரைக் கண்டதும் காலில் விழுந்தாள். "அந்தச் சைபர மட்டும் மாத்திப் போடுங்க சாமி! எம்புள்ளய சயாமுக்கு அனுப்பிடாதீங்க!" அவர் பேனாவை எடுத்தார். அடுத்தவர் போட்ட மார்க்கில் கை வைத்துப் பழக்கமில்லை. இப்போது வைக்கப் பயமாகவும் இருந்தது. பேனாவைக் கீழே போட்டார். அவள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இருட்டுவதற்குள் மகனைக் கோலா கிளாவாங் மலைப்பக்கம் ஓடி ஒளியச் சொல்லிவிட்டாள். மறுநாள், மற்ற தோட்டங்களில் பாஸான பையன்களை ஏற்றிக்கொண்டு லோரி போனது.

சண்டை முடிந்தது. அர்ச்சுனன் உயிரோடு வந்து சேர்ந்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே பிடிபட்டுப் போயிருந்த நல்லசாமியும் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினான். அவன் சொல்லித்தான் தெரிந்தது. அந்த லோரி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நேரே சயாம். ஏறியவர்களில் ஒருவன்கூட மிஞ்சவில்லை.

கனகசுந்தரத்தையும் முன்பே அதே வேலை என்று சொல்லித்தான் கொண்டுபோனார்களாம். அவர் பாஸ் போட்டுக் கொடுத்த பையன்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்களாம். ஒவ்வொருவனாக அவர் கண்ணெதிரே காய்ச்சலில் போனான்.

"அவருக்கும் காய்ச்சல் கண்டிருச்சு ஐயா. இனி ஒருத்தனையும் பாஸ் போடக் கூடாது, நான் போயி சொல்லணும்னு போறவன் வர்றவன் காலையெல்லாம் புடிச்சாரு. நாந்தான் குழி வெட்டுனேன்."

"எப்ப?"

"மாசியில."