பெரியவர் எடுத்த மூன்றாவது பிஸ்கட்

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் என் அக்காவின் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். இந்த மாதிரி விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டாலும் போவேன். பேக்கரியில் வாங்கிய ஜாம் பிஸ்கட்டைத் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே சிவப்பு ஜாம், மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, அதன் உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டு. வந்தவர்கள் ஒரு குறையும் வைக்காமல் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் கடைசியில் விரலை நக்கியதைக்கூடப் பார்த்தேன். புதன்கிழமை போன் வந்தது. வேண்டாமாம்.

"தட்டு நெறையத் தின்னுபோட்டு வேண்டாங்கறாங்களா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. "சின்ன அம்மாயிக்குப் பிஸ்கட்டுப் போன வருத்தம்" என்றாள் அந்தப் பேத்தி. அம்மாயியின் தங்கை என்பதால் அவளுக்கு நான் சின்னப் பாட்டி. பெண்ணுக்கே வருத்தமில்லை, நடுவில் எனக்கென்ன? ஆனாலும் அன்றைக்குப் பூராவும் எனக்குக் கொய்யாப்பழம் காய்ச்சுகிற வாசனை மூக்கிலேயே நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அப்பா கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், யுத்தம் வருவதற்கு முன்னால். சேந்தமங்கலத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் நின்றுபோனதும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். மண்வெட்டி பிடித்த கை எப்படிக் கரண்டிக்குப் பழகியது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்க ஆரம்பித்தபோது அவர் நன்றாகவே சமைப்பார்.

அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பங்களாவிலிருந்து வந்தால் அப்பா கொல்லைப்புறத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையலாம். மலைக்குளிரில், மார்கழியிலும் இதே சட்டம்தான். அப்பா பல் தந்தியடிக்க ஊற்றிக்கொள்வார். ஆனால் துரைசாணி கொடுத்தனுப்புகிற மைதாவுக்கும் சர்க்கரைக்கும் இந்தக் குளியல் எல்லாம் கிடையாது. அவை நேராக அடுக்களைக்குப் போய்விடும். அம்மாவின் ஆசாரம் அந்த மட்டில் கொஞ்சம் தாராளமானது.

அந்த மைதாவில்தான் அக்கா பிஸ்கட் சுட்டாள். அக்கா பெயர் வள்ளியம்மா, என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவள். துரைசாணி சாயங்காலத் தேத்தண்ணீருக்குக் கேட்கிற பண்டம் அது. அப்பா பங்களாவில் செய்ததை வீட்டில் வாயால் சொல்லுவார், அக்கா கையால் செய்வாள். துரைசாணி வெண்ணெய் போடச் சொல்லும். எங்களுக்கு வெண்ணெய்க்கு எங்கே போவது? மலைக்குள்ளேயே இருக்கிற தேவனூர் நாட்டிலிருந்து ஒரு மலைக்காரம்மா கொண்டுவருகிற எருமை நெய்தான். நெய்யையும் சர்க்கரையையும் வெள்ளையாக வரும்வரை கையால் தேய்த்து, மைதாவோடு கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்து, தண்ணீர் விடாமல் பிசைய வேண்டும். அரிசி மாவு போட்டால்தான் வாயில் வைத்ததும் உதிரும். பிறகு பலகையில் தேய்த்து, தம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டுவாள். வெட்டியதுபோக மிச்சமிருக்கும் ஓரமெல்லாம் எனக்கு. பச்சை மாவு தின்றால் வயிறு வலிக்கும் என்பார்கள். எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

சுடுவதற்கு ஒரு மண்ணெண்ணெய் டின். அதை வாசலில் படுக்கப்போட்டு, உள்ளே மணல் பரப்பி, கீழேயும் மேலேயும் தணல் வைப்பாள். நெருப்பு தூக்கினால் கரி, தணிந்தால் களி. அக்கா டின்னுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவாள். ஜாமுக்குக் கொய்யா. மலையில் கொய்யாவுக்கு என்ன பஞ்சம்? வேகவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கிளறக் கிளற, வெள்ளைப் பழம் தானாகச் சிவந்து வரும். மேல்பூச்சுக்குச் சர்க்கரையை உரலில் இடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சலித்து, எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தடவுவாள். உச்சியில் பாகில் ஊறிய களாப்பழம் ஒன்று.

நெய் கொண்டுவருகிற மலைக்காரம்மா ஒருநாள் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா இத்தன பாடுபட்டுச் சாமைச்சோறு ஆக்குனா ஊரே திங்குமே கண்ணு" என்றாள். அக்கா சிரித்துவிட்டு அவளுக்கு இன்னொன்று கொடுத்தாள்.

சுட்ட பிஸ்கட்டை மலை ஈரம் நமுக்க வைத்துவிடும். அதனால் துரைசாணி தூக்கிப்போட்ட ஒரு சீமைத் தகர டப்பாவில் அக்கா அதைப் போட்டு வைப்பாள். மூடியில் குதிரை வண்டிப் படமும் இங்கிலீஷ் எழுத்தும் போட்ட டப்பா. இந்த டப்பாவை மறந்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்நாட்டிலிருந்து நம் சனங்கள் மலையேறி வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், பழம் தின்பார்கள், கடையில் வாங்கிய பண்டமானாலும் பாதகமில்லை. அந்த வீட்டு ஆட்கள் சமைத்ததைத் தொட மாட்டார்கள். தொட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு பேச்சு மாறக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. எல்லாரும் அப்பாவிடம் பங்களாச் சமையலைப் பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அப்பாவும் ஒரே பதிலைத்தான் சொல்வார். அவர்கள் எழுந்துவிடுவார்கள்.

கடைசியில் அப்பாவே அலுத்துப்போனார். "இந்த ஒரு எடம் பாக்கறேன். இவங்களும் கை நனைக்காமப் போனா வேலைய உட்டுப்போட்டுக் கீழ போயி கூலிக்குப் போறேன். என்னாலதான புள்ள நிக்குது" என்றார்.  அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த ஒரு இடம் வந்தது. பையனுக்கு அப்பா இல்லை. அவனுடைய அப்புச்சியும், அதாவது அம்மாவைப் பெற்றவரும், தாய்மாமனும் வந்தார்கள். அப்பொழுதெல்லாம் மலைக்கு ரோடு ஏது? சேந்தமங்கலத்திலிருந்து விடிவதற்கு முன்னால் புறப்பட்டு நடந்தே ஏறியிருக்கிறார்கள். மாமன் திடமான ஆள். அப்புச்சி நல்ல வயசாளி, வாயில் பல் இல்லை. வந்ததும் தடியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அம்மா வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். மாமன் தின்றார். பெரியவர் தள்ளி வைத்துவிட்டார். "எனக்கு ஆவாதுங்க, சளி புடிச்சுக்கும்" என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார். செம்பைக் கீழே வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பசி மயக்கம். சோறு போடலாம் என்றால் அவர்கள் தொட மாட்டார்கள். அம்மா உள்ளே போனாள். முதல்நாள்தான் அக்காவிடம், "அந்தத் தொரசாணி பண்டத்த அவிய கண்ணுல காட்டீராத" என்று சொல்லியிருந்தவள், அந்தத் தகர டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்து பெரியவர் முன்னால் திறந்து வைத்தாள். 

மாமன் மூடியைப் பார்த்தார், பண்டத்தைப் பார்த்தார். "சேலத்துல வாங்குனதாட்ட இருக்குது. கடைப் பண்டந்தான், தின்னுங்கப்பா" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பெரியவர் ஒன்று தின்றார், இன்னொன்றும் தின்றார். பல்லே வேண்டாத பண்டம். முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது. மாமனும் தின்றார்.

பிறகு மாமன் அந்தக் கேள்விக்கு வந்தார். "ஏனுங்க, தொரை ஊட்டுல மாடெல்லாம் சமைக்கறீங்களாமுங்க?"

"சமைக்கறனுங்க. தின்னறதில்லீங்க. ஊட்டுக்குக் கொண்டாறதும் இல்லீங்க."

மாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "செரீங்க. ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லியுடறோம்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே அந்த வயதில் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவரும் தடியை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் அம்மாவிடம், "அம்மிணி, இது எந்தக் கடைல வாங்குனீங்க? எனக்கு நல்லா வாகா இருக்குது" என்று கேட்டார்.

அம்மா குனிந்து வாழைப்பழத் தோலைப் பொறுக்கினாள். ஒரு கடையின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள், எல்லாம் முடிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் இருந்து அக்கா வெளியே வந்தாள். "கடைல வாங்குனது இல்லீங்கோ அப்புச்சி. நான் இங்கயே சுட்டதுங்க" என்றாள்.

மாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. "தின்ன வெச்சுப்போட்டு இப்பச் சொல்றீங்களா? இது எந்த ஊரு நாயமுங்க?" என்றார். அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அப்பாதான் முன்னால் வந்து, "கோவிச்சுக்காதீங்க. தெரியாமத் தின்னது சேத்தி இல்லீங்க. நானும் அத ஒரு பேச்சா எடுக்க மாட்டனுங்க. கையக் கழுவிப்போட்டு நீங்க போலாமுங்க" என்றார். செம்பில் தண்ணீரும் எடுத்து நீட்டினார். எனக்கு அப்பாவை நினைத்து அழுகை வந்துவிட்டது.

பெரியவர் செம்பை வாங்கவில்லை. வாசலுக்குப் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தடியால் தட்டிப் பார்த்தார். "இதுலயா சுட்டே?"

"ஆமாங்க."

"முட்டை கிட்டை ஏதாச்சும்?"

"இல்லீங்க. மாவு, நெய்யி, சக்கரை, கொய்யாப்பழம். அவ்வளவுதானுங்க."

"யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?"

துரைசாணி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை, எல்லாருக்கும் சௌகரியமாகவும் இருந்திருக்கும். அக்கா, "எங்கப்பனுங்க" என்றாள்.

பெரியவர் திரும்பி வந்தார். எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். டப்பாவை மடிக்கு இழுத்து, ஒன்றை எடுத்து, களாப்பழத்தோடு வாயில் போட்டு மென்றார். முழுதாக விழுங்கிய பிறகுதான் பேசினார். "மொதல்ல ரெண்டும் தெரியாமத் தின்னது. இது தெரிஞ்சு தின்னறது." பிறகு மகனைப் பார்த்து, "நீயும் உக்காரு. சோறு ஆவட்டும்" என்றார்.

சோறு எங்கே இருந்தது? வருகிறவர்கள் யாரும் சாப்பிடுவதே இல்லை என்பதால் அம்மா உலையே வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்து, சாமை புடைத்து, அவரைக்காய் பறித்து, ஒரே ஓட்டம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளறினாள், புகை என்று சொன்னாள். மாமன் உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஆனால் இலை போட்டதும் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டது அவர்தான்.

மறுநாள் சாயங்காலம் அப்பா பங்களாவிலிருந்து வந்தார். கொல்லைப்புறத்தில் குளிக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா அண்டாவில் வெந்நீர் காய்ச்சி வைத்திருந்தாள். 

அக்கா நன்றாகவே வாழ்ந்தாள். புகுந்த வீட்டில் டின்னும் தணலும் வைத்துச் சுடுகிற வசதி இல்லை, அதனால் அம்மா வீட்டுக்கு வரும்போது சுட்டு எடுத்துப் போவாள். பெரியவர் ஒருதரம் அதற்காகவே தடியை ஊன்றிக்கொண்டு மலையேறி வந்தார். பிறகு அவர் போனார். யுத்தம் வந்து துரையும் துரைசாணியும் போனார்கள். பங்களா இருந்த இடத்தில் இப்போது உண்ணிச்செடி மண்டிக்கிடக்கிறது. அப்பா, அம்மா, போன வருஷம் அக்கா. டப்பா என்னிடம்தான் இருக்கிறது. படம் உரிந்துவிட்டது, ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கதையைப் பேத்தியிடம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த வழக்கம் இருந்து, பிஸ்கட்டையும் நானே சுட்டிருந்தா, அந்த வெரல் நக்கியக் கட்டிக்கிட்டிருக்கோணுமா, சின்ன அம்மாயி?" என்றாள்.  அவள் சொல்வது சரிதான். தின்ற வாய்க்காக ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிற வழக்கம் போனால் போகட்டும், நான் அதற்காக அழப் போவதில்லை. போகலாம் என்று அப்பாவே வாசலைக் காட்டி, கையில் தண்ணீரையும் கொடுத்த பிறகு, திரும்பி உட்கார்ந்து இன்னொன்றை எடுத்தாரே, அந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டுக்கு முன்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத்தான் காணோம்.